ஒன்பது தூண்களும் ஒரு பூஞ்சையும்

இப்போதெல்லாம் பூஞ்சைக்குப் பெயர் சொல்ல செல்போனே போதுமாம். போன மாதம் எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில், ஓய்வு பெற்ற பழைய ஆட்களைக் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நித்யா என்ற ஆராய்ச்சி மாணவி தன் போனைக் காட்டி, "மேடம், ஒரு படம் எடுத்தா போதும், பேரு வந்துடும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் நான் சுட்ட கேழ்வரகு அடையைப் படம் எடுத்துப் பார்த்தேன். அதற்கும் ஒரு லத்தீன் பெயர் வந்தது. பட்ட மரத்தில் வளர்வது, உண்ணத் தகாதது என்றும் போட்டிருந்தது. பக்கத்தில் நின்று படித்த என் மருமகள், "மிஷினு கரெக்டாதான் அத்த சொல்லுது" என்றாள்.

அந்த நித்யாதான், "நீங்க கண்டுபிடிச்ச புது பூஞ்சையப் பத்தி எழுதிக் குடுங்க மேடம், ஜூனியர்ஸ் எல்லாம் கேக்குறாங்க" என்று பிடித்துக்கொண்டாள். முதலில் ஒரு திருத்தம். நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவின் மரத்தூணில் அது இருந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தவர்கள் எல்லாரையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடலாம்.

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கதையை என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சான்றாகச் சொல்லி வந்தேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பு, எங்கேயும். போன வாரம் நித்யாவோடு அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆய்வக உதவியாளராக. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, எட்டு வருஷம் கழித்து வந்த வேலை. பூஞ்சைப் பிரிவு என்றார்கள். "ஊறுகாயில பூக்குறதுக்கு இன்னாத்துக்கு ஒரு பிரிவு?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் ஏகாம்பரம் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மை பேனா. எதைக் கொடுத்தாலும் திருத்துவார். லீவு லெட்டரைத் திருத்துவார். ஸ்டோரில் ஸ்பிரிட் கேட்டு எழுதும் சீட்டைத் திருத்துவார். என் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பூலத்தோடு கொடுத்தேன். மறுநாள் மூன்று இடத்தில் சிவப்பு மையோடு திருப்பிக் கொடுத்தார். "அச்சடிச்சாச்சு சார்" என்றேன். "அடுத்த தடவ பாத்துக்கோ" என்றார். எனக்கு ஒரே மகள்.

அவர் அறையில் 'புதுசு' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. "புதுசுன்னு சொல்றதுக்கு முன்னாடி பழசு எல்லாத்தையும் பாத்துட்டியா?" என்பார். சேர்ந்த முதல் வருஷமே நான் அந்த வார்த்தையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் காலை, ஒரு காளானின் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கோணல் மாணலாக, சின்னச் சின்னதாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்துகள். நாற்பது வித்துகளை அளந்து எழுதிவிட்டு, "சார், புதுசு!" என்று ஓடினேன். அவர் குனிந்து பார்த்தார். ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். நான் அளந்த நாற்பதும் நீலமாக மாறின.

"காலையில வூட்டுல இன்னா வேல செஞ்ச?" என்றார்.

"வாசத் தெளிச்சு கோலம் போட்டேன் சார்."

"அரிசி மாவுலயா?"

"ஆமா சார்."

"இது உன் கோலம். போய் நகத்துல இருக்கிற மாவ கழுவினு வா."

அன்றிலிருந்து வேலை நாளில் என் வீட்டு வாசலில் கல்லு மாவுக் கோலம்தான். பூஞ்சை வித்தா, அரிசித் துகளா என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது அப்படித்தான். என் மொத்தப் பயிற்சியும் அதற்குள் அடக்கம். மீதியெல்லாம் கை பழகியது.

இப்போதைய பிள்ளைகளுக்காக அந்தக் கை வேலையையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் வளரும் பூஞ்சையைப் பிய்த்து எடுக்கக் கூடாது. கத்தியால் அடிமரத்தோடு சேர்த்துச் செதுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், அதனால் செய்தித்தாளில் மடித்துக் கட்ட வேண்டும். ஒரு துண்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்பு ஒட்டிய காகிதத்தில் வைத்து மேலே ஒரு டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். மறுநாள் வித்துகள் தூளாக உதிர்ந்திருக்கும். பிறகு பிளேடால், வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். முப்பது வித்து அளந்தால் போதும் என்று புத்தகம் சொல்லும். சாருக்கு அறுபது வேண்டும். பூஞ்சை பிடித்த மரத்தையும் சோதிக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருந்தது ஒரு கோணி ஊசி. அரை விரல் இடைவெளியில் அதில் கோடு கீறியிருந்தேன். நல்ல மரத்தில் நுனிதான் இறங்கும். உளுத்த மரத்தில் எத்தனை கோடு இறங்குகிறது என்று குறித்துக்கொள்வேன்.

நான் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தபோது, மழைக்காலத்தில் ஒரு நாள் மாதிரிகள் சேகரிக்க மலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் பை நிறைந்துவிட்டது. போளூருக்குத் திரும்பும் பஸ் சாயந்திரம்தான். மழை பிடித்துக்கொள்ள, பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கி, ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஓட்டுக் கட்டடம். வராந்தாக் கூரையை ஒன்பது தைலமரத் தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தன. முதுகில் என்னவோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தால், தூணிலிருந்து விசிறி விசிறியாக, ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலத்தில், முறுகிய தோசை நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் இளம் ரோஸ் நிறத்தில் பொடித் துளைகள். விரல் பட்ட இடம் கண்ணெதிரே காப்பி நிறமாக மாறியது. லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தேன். 'புதுசு' என்று மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. நகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"வந்துட்டீங்களா மேடம்!" என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை கன்னியம்மா டீச்சர். அதே மலையில் பிறந்து, படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். "குந்துங்க, குந்துங்க. டீ கொண்டாறச் சொல்றேன். நாலு வருசமா மனு போட்டுனு இருக்கேன். தூண வந்து குனிஞ்சு பாத்த மொத ஆளு நீங்கதான்."

"நான் ஆபீசு இல்லீங்க டீச்சர். காலேஜு. தூணப் பாக்க வரல, அதுல இருக்கிற பூஞ்சையப் பாக்குறேன்."

அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் டீ வந்தது. "சாப்புடலாமா அத?" என்று கேட்டார். பூஞ்சையைப் பற்றி யார் எங்கே கேட்டாலும் முதல் கேள்வி இதுதான். பின்னால் ஒரு பத்திரிகை நிருபரும் இதைத்தான் கேட்டார். "நாம சாப்புட முடியாது. அதுதான் உங்க தூண சாப்புடுது" என்றேன்.

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒன்பது தூண்களிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, முழங்கால் உயரத்தில் கோணி ஊசியைக் குத்திக் குறித்துக்கொண்டேன். பெரும்பாலான தூண்களில் ஒரு கோடு, இரண்டு கோடு. நாலாம் தூணில் ஊசி பிடி வரைக்கும் இறங்கியது. ஆறிலும் ஏழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்மரம் பர்ஃபித் துண்டு போட்டதுபோல் சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வந்து, அந்த வராந்தாவிலேயே இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். வேறு இடம் இல்லை. இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் பாதி அரிசி மூட்டை.

ஆய்வகத்தில் மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். அறுபது வித்துகள் அளந்தேன். சார் திரும்ப அறுபது அளக்கச் சொன்னார். பேரினம் தெரிந்தது, இனம் எதோடும் பொருந்தவில்லை. வட நாட்டில் ஒரு நிபுணருக்கு ஒரு துண்டு அனுப்பினோம். மரபணுச் சோதனைக்கு ஒரு துண்டு போனது. இரண்டிலும் ஒரே பதில்தான்: இது போல் வேறு இல்லை. சார் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பேனாவைத் திறந்து, திருத்த ஒன்றும் இல்லாததால் மூடிவிட்டு, "ஹும்" என்றார். அவர் அகராதியில் அது பட்டாசு வெடிப்பதற்குச் சமம்.

அதற்கப்புறம்தான் வினை. இனத்தை முழுசாக விவரிக்க, மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் என்று எல்லாப் பருவத்திலும் மாதிரிகள் வேண்டும் என்றார். ஒன்பது தூண்களைத் தவிர அது வேறெங்கும் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று தடவை மலையேறித் தேடினோம். அதனால் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்தேன். 'ஆய்வு முடியும் வரை மேற்படி தூண்களை அகற்றவோ, வண்ணம் பூசவோ, மருந்து அடிக்கவோ வேண்டாம்.'

ஒரு வாரம் கழித்து கன்னியம்மா டீச்சரிடமிருந்து போன். டவர் கிடைக்க அவர் பாறை மேல் ஏறி நின்று பேச வேண்டும். காற்று இரைச்சலில் அவர் குரல் வந்து வந்து போனது.

"மேடம், தூண மாத்துங்கன்னு நாலு வருசமா எழுதுறேன். ஒருத்தரும் பதிலு போடல. இப்பதான் மொத தடவயா ஒரு கவர்மென்ட் லெட்டர் வந்துருக்குது. தொடாதேன்னு வந்துருக்குது."

மேஜை மேல் கிடந்த அந்தக் கடிதத்தின் நகலைக் கவிழ்த்து வைத்தேன்.

"புள்ளைங்க அங்கதான் சாப்புடுது மேடம். சாயாதீங்கன்னு பழைய பொடவயக் கிழிச்சு தூணுக்குத் தூணு கட்டி வெச்சிருக்கேன். அதுவும் தொட்டதுல சேத்தியா? கேட்டுச் சொல்லுங்க."

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் குரலில் அழுகை இருந்தது. அடுத்த மாதம் திரும்பவும் போன் வந்தது. நாலாம் தூண் ஒரு பக்கம் அமுங்கி, மேலேயிருந்து இரண்டு ஓடுகள் விழுந்திருக்கின்றன. விழுந்தது ஒரு பெண் குழந்தையின் சோற்றுத் தட்டில். அந்தக் குழந்தை இன்னொரு கரண்டி சாம்பாருக்காக எழுந்து போயிருந்தது.

சாரிடம் ஓடினேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"நம்ம லெட்டர்ஹெட்டுல இன்னா போட்டுருக்குது?"

"தாவரவியல் துறை சார்."

"கட்டடத்தப் பத்தி நாம ஒரு வரி எழுதினா, உனக்கெதுக்குன்னு திருப்பி அனுப்பிடுவான். நமக்கு அந்த அதிகாரம் கெடயாது. நாம பூஞ்சைக்காரங்க."

அவ்வளவுதான். அடுத்த ஸ்லைடைக் கேட்டு கையை நீட்டினார். கொடுத்தேன். அன்று அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தில், ஸ்லைடைக் கொஞ்சம் அழுத்திக் கொடுத்திருந்தால் உடைந்திருக்கும். சாம்பாரும் ஓடும் கலந்த அந்தத் தட்டு என் கண் முன்னால் நின்றுகொண்டே இருந்தது. அந்தக் குழந்தை அன்று சாம்பார் வேண்டாம் என்று இருந்திருந்தால், தொடாதே என்று தட்டச்சு செய்தது நான்தானே.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் யோசனை வந்தது. மலையில் நடக்கும் அரசு விழாவுக்கு சென்னையிலிருந்து ஒரு அரசுச் செயலாளர் வரப்போகிறார் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். குழாயில் தண்ணீர் வரும். அவர் தலைக்கு மேல் எது ஆடினாலும் அது ஆடாமல் ஆக்கப்படும். மனு நாலு வருஷம் போட்டு நடக்காதது, வருகை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு நாளில் நடக்கும்.

மறுநாள் சாரிடம் போய், பூனை மாதிரி நின்று, "சார், செயலாளர் மலைக்கு வர்றாராம். நம்ம பூஞ்சைய நேர்ல பாக்க அழைச்சா துறைக்கு நல்லா இருக்கும்" என்றேன். விளம்பரம் என்றாலே அவருக்கு ஆகாது. பூஞ்சைக்கு எதற்கு மாலை என்று விரட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால், "எழுதினு வா, பாக்கலாம்" என்றார்.

எழுதினேன். பூஞ்சையைப் பற்றி இரண்டு பத்தி. கடைசியில், அப்பாவி மாதிரி ஒரு வரி: 'செயலாளர் அவர்கள் பள்ளி வராந்தாவின் கூரையின் கீழ் நின்று, தூண்களை அருகிலிருந்து பார்வையிட அன்புடன் வேண்டுகிறோம்.' சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு திருத்தம் இல்லை! பத்தொன்பது வருஷத்தில் ஒரு சிவப்பு மைச் சொட்டுகூட விழாமல் என் கடிதம் வெளியே போனது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்குக் கண்ணில் புரை வளர ஆரம்பித்திருந்தது. பாவம், சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு காப்பி சேத்து எடு. கவர நானே போஸ்ட் பண்ணிக்கிறேன், தபாலாபீஸ் வழியாத்தான் வூட்டுக்குப் போறேன்" என்றார். அதுவும் புதுசுதான். மகிழ்ச்சியில் நான் கவனிக்கவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் டீச்சர் பாறை மேலேறிப் போன் செய்தார். "மேடம்! லாரி வந்துருக்குது! பைப்பு எறக்குறாங்க! ஒன்பது பைப்பு!" மறுநாள் இன்னொரு போன். "பச்ச பெயின்ட்டு அடிக்கிறாங்க மேடம். ஓட்டக்கூட மாத்துறாங்க. பள்ளிக்கூடத்துப் பக்கத்துல இருந்த கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாங்க. ஒரு ஆட்டுக்குட்டி ஓரமாப் படுத்துனு இருந்துது, அதும் மேலயும் கொஞ்சம் பட்டுடுச்சு."

விழா நாளன்று சாரும் நானும் போனோம். ஒன்பது இரும்புத் தூண்கள் வரிசையாகப் பளபளத்தன. பிள்ளைகள் சீருடையில், கையில் செம்பருத்தியோடு நின்றார்கள். பதினோரு மணிக்கு வர வேண்டிய செயலாளர் ஒரு மணிக்கும் வரவில்லை. அவசர வேலையாக வேறு வழியில் திரும்பிவிட்டாராம். யாரும் வராத ஒரு வருகைக்காக ஒரு கூரை நிமிர்ந்து நின்றது. டீச்சர் வாங்கி வைத்த மாலை வாடுகிறதே என்று சாருக்கே போட்டுவிட்டார். அவர் கூச்சத்தோடு கழற்றி இரும்புத் தூணில் மாட்டினார். பெயின்ட் காயாமல் மாலை அதில் ஒட்டிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் சாரும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, "ஒன்பதுமா எடுப்பான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "ஒன்பதும் போச்சே மல்லிகா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மனசுக்குள், 'போகட்டும், பிள்ளைங்க தலை தப்பிச்சுதில்ல' என்று பதிலும் சொன்னேன்.

இருந்த மாதிரிகளை வைத்தே கட்டுரை எழுதினார். இனத்துக்கு மலையின் பெயரை லத்தீன் வாலோடு வைத்தார்கள். 'வாழிடம்: மரத்தூண். தற்போது இல்லை' என்று ஒரு வரி. 'ஆய்வக உதவிக்கு நன்றி' என்று கடைசியில் என் பெயர். சார் ஓய்வு பெற்றார். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. சாவுக்குப் போனபோது, அவர் சட்டைப் பையில் பேனா இல்லாததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் கதையைச் சொல்வதை விடவில்லை. கண் தெரியாத சாரை ஏமாற்றி நான் கூரையை மாற்றிய கதை. எல்லாரும் சிரிப்பார்கள்.

போன மாதம் டீ குடித்த அன்று நித்யாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மேடம், அந்த இனத்த உயிரோட வளத்துப் பாக்கணும். பாக்கெட்ல இருக்கிற காஞ்ச மாதிரியில இருந்து ஒண்ணும் வளர மாட்டேங்குது. உலகத்துல வேற எங்கயும் ரெக்கார்டு இல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தடவ தேடலாமா?" என்றாள். அப்படித்தான் போனோம்.

கன்னியம்மா டீச்சர் இன்னும் அங்கேயே இருக்கிறார். தலை வெளுத்துவிட்டது. வராந்தாவில் பிள்ளைகள் இரும்புத் தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய தூண்களை அப்போதே அடுப்பில் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்டு வைப்போமே என்று கேட்டேன்.

"தூணா? இருக்குதே" என்றார் டீச்சர். "கவர்மென்ட் பொருளாச்சே மேடம். ஆபீசர் ஒருத்தர் வந்து, ஒதவாதுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் தூக்கிப் போடலாம். அதுக்கும் மனு போட்டேன். பன்னெண்டு வருசமாச்சு."

கட்டடத்துக்குப் பின்னால், செங்கல் அடுக்கின் மேல், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் தூண்கள் கிடந்தன. வருஷா வருஷம் தணிக்கைக்கு வருகிறவர் ஒன்பதும் இருக்கிறதா என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாராம். நாலு, ஆறு, ஏழு மூன்றும் இற்று உதிர்ந்துவிட்டன. கணக்குக் கேட்பார்களே என்று டீச்சர் அந்தத் தூளைக் கோணிப் பையில் கட்டி, 'தூண் எண் 4', 'தூண் எண் 6', 'தூண் எண் 7' என்று எழுதி வைத்திருந்தார். மிச்ச ஆறு தூண்களிலும் மழை ஒழுகி, முறுகிய தோசை நிறத்தில், அடிப்பக்கம் ரோஸாக, விசிறி விசிறியாக அது வளர்ந்து கிடந்தது. அழிந்துபோனதாக நாங்கள் அச்சடித்த இனத்தை, முடிக்கப்படாத ஒரு கோப்பு காப்பாற்றி வைத்திருந்தது.

நித்யா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். போன் ஏதோ வேறு பெயர் சொன்னது. "மேடம், ஒரு தூண முறைப்படி கேட்டு லெட்டர் போடலாமா?" என்றாள்.

"போட்டுடாதடியம்மா! லெட்டர் போனா ஆளு வந்துடும். கையெழுத்துப் போட்டு எல்லாத்தையும் எரிச்சுட்டுப் போய்டுவான். ஒரு துண்டு செதுக்கி பேப்பர்ல சுத்தினு கெளம்பு" என்றேன். ஊர்ப் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

டீச்சர் டீ கொண்டுவந்தார். கூடவே தூண்களுக்கான கோப்பு ஒன்றையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தடித்த கோப்பு. நாலு வருஷத்து மனுக்கள், 'தொடாதே' என்று நான் தட்டச்சு செய்த கடிதம், அதற்குப் பின்னால் செயலாளருக்கு நாங்கள் எழுதிய அழைப்பின் பிரதி. "இது இங்க எப்படி வந்துது?" என்று கேட்டேன். "பைப்பு எறக்கினாரே இஞ்சினீரு, அவரு ஆபீசுக்கு வந்த காப்பி மேடம். அத வெச்சுத்தான் வேல போட்டாங்களாம். வேல முடிஞ்சதும் பில்லோட சேத்து அதயே எனக்குக் குடுத்துட்டாரு."

இஞ்சினீயருக்கு நான் பிரதி அனுப்பவே இல்லையே. தாளைக் கடைசி வரை பார்த்தேன். என் தட்டச்சு வரிகளுக்குக் கீழே, சிவப்பு மையில், எனக்குப் பத்தொன்பது வருஷம் பழகிய கையெழுத்து:

'நகல்: உதவிப் பொறியாளர். தூண் எண் 4, 6, 7 உட்புறம் முற்றிலும் மக்கிவிட்டன. செயலாளர் வருமுன் இம்மூன்றையும் மாற்றுக. மற்றவை உறுதி.'

நாலு, ஆறு, ஏழு. அவர் தூண்களைக் குத்திப் பார்த்ததே இல்லை. என் நோட்டில் இருந்த கோணி ஊசிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார். நமக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்த அதிகாரத்தை என் கடிதத்தின் காலடியில் எழுதி, தானே தபாலில் போட்டிருக்கிறார். ஒரு அழைப்புக் கடிதத்தைப் பார்த்து யார் தூணை மாற்றுவார்கள்? சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். என் தந்திரம் அந்த ஆட்டுக்குட்டிக்கு வெள்ளை அடித்ததோடு முடிந்திருக்கும். மூன்று தூண்களைக் கொடுத்து ஆறைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இஞ்சினீயர் பயந்துபோய் ஒன்பதையும் பிடுங்கிவிட்டார். அதைத்தான் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா மேடம், கண்ணு கலங்குது? டீ சூடா?" என்றார் டீச்சர். ஆமாம் என்றேன்.

சாயந்திர பஸ்ஸில் இறங்கினோம். நித்யா செய்தித்தாள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்தது. நான் ஜன்னலிலிருந்து இந்தப் பக்கம் திரும்பி, "ஒன்பதும் இருக்குது சார்" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.